பறையைக் காய்ச்சுங்கள், தோழர்களே!

காரைக்கால் கலைக்குழுத் தோழர்களே, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் பாட்டு செத்துக்கொண்டிருக்கிறது. தலைவர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் இருக்க இரண்டு பாட்டு; அவர் கார் தெரிந்ததும் பாதிச் சரணத்தில் மைக் கைமாறிவிடும். அப்புறம் பொன்னாடை, டீ. நாமும் இதற்குப் பழகிவிட்டோம். போதும்.

நம் பாட்டுக்கு எங்கே வேலை இருக்கிறது என்று தெரிய, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாஞ்சூரில் தமிழ்நாட்டு எல்லையில் போய் நில்லுங்கள். நாகூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிகளைப் பாருங்கள். இங்கே சரக்கு மலிவு. தமிழ்நாட்டில் இல்லாத சாராயக்கடை இங்கே அரசு உரிமத்தோடு நடக்கிறது. கலால் வரி புதுச்சேரி அரசுக்குப் பெரிய வருமானம். எந்தக் கட்சி ஆண்டால் என்ன, கடையை மூட மனம் வருமா? நடவுக் கூலியும் கடலுக்குப் போய்வந்த பங்கும் வீட்டுப் படி ஏறுமுன்னே கல்லாவில் விழுகின்றன.

எந்தக் கூலி அது? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்து எரித்தார்களே, அந்த ஊர்க் கூலிக்காரர்கள் கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். அந்தப் போராட்டத்தில் உயர்ந்த கூலிதான் இன்று பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றப்படுகிறது. இதற்கு நாம் மனு கொடுத்தோம், நோட்டீஸ் அடித்தோம். பாட்டு கட்டவில்லை.

பாட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி. 2015 அக்டோபரில் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் கோவனை, டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்காகத் திருச்சியில் நள்ளிரவில் கைது செய்தார்கள். தேசத் துரோக வழக்கு. மனு கொடுத்தவன் வீட்டுக் கதவை என்றைக்காவது நள்ளிரவில் தட்டியிருக்கிறார்களா? அதே ஆண்டு சோபியா அஷ்ரப் பாடிய ராப், கொடைக்கானல் பாதரச ஆலைத் தொழிலாளர்களின் குறையை உலகமெங்கும் கொண்டுபோனது. 2016 மார்ச்சில் 591 தொழிலாளர்கள் தரப்போடு ஆலை நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே சாதித்தது என்று மார்தட்ட வேண்டாம். அந்தத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்காகச் சங்கமாக நின்றார்கள்; பாட்டு அந்தப் பலத்தில் நடந்தது. நமக்கும் ஊர்ச் சங்கம் வேண்டும், மாதர் அமைப்பு வேண்டும்.

அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் மிதித்துத் தெருவுக்கு வந்தபோது சைக்கிளுக்கென்றே பாட்டும் கூடவே வந்தது. மேடை கிடையாது. தெருமுனையில் பாடினார்கள், கேட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள், கலைக்குழு போன பிறகும் தெரு பாடியது. நமக்குத் தேவை அந்த மாதிரிப் பாட்டு.

ஒன்றைக் கைவிடுங்கள்: தள்ளாடும் குடிகாரன் வேஷம். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது, குடித்துவிட்டு வந்தவன் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறான், நாடகம் அங்கேயே முடிந்துபோகிறது. இடுப்பொடிய வேலை செய்தவனைக் கேலி செய்யாதீர்கள். கடையை ஏலம் விடுகிறவர்களைக் கேளுங்கள். அழுகிற மனைவி வேஷமும் வேண்டாம். பெண்களே முன்னால் நின்று பாடட்டும். ஆனி மாதம் காரைக்கால் அம்மையார் திருவிழாவில் மாங்கனிக்குக் கை நீட்டுகிற ஊர் இது. அந்த அம்மையார் தேவார மூவருக்கும் முன்பே பண்ணோடு பதிகம் பாடிய பெண் என்பதை நாமாவது மறக்க வேண்டாம்.

பறை விஷயத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, சுதி ஏறியதும் எடுக்கிற பறையைக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பறை தூக்கச் சுலபம், சத்தமும் வரும். ஆனால் காய்ச்சும் நேரத்தில் தீயைச் சுற்றிக் கூடுகிற சனம் அதற்குச் சேராது. பாதி நிகழ்ச்சி அங்கேயே நடந்துவிடும், தெரியும்தானே? சாவுக்கு அடி என்று ஒரு தெருவின் தலையில் கட்டிய கருவி அது. அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் இனி எல்லாத் தெருக் கைகளிலும் இருக்க வேண்டும்.

நம்மை அடிக்க வந்தால்? 1989 ஜனவரி 1 அன்று டெல்லிக்கு அருகே சாகிபாபாத்தில் தெருநாடகம் நடத்திக்கொண்டிருந்த சப்தர் ஹஷ்மியைத் தாக்கினார்கள், மறுநாள் இறந்தார். 4ஆம் தேதி அவர் மனைவி மொலாய்ஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்குப் போய் அதே நாடகத்தை நடத்தி முடித்தார்.

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு குழுவும் தன் தெருப் பேச்சிலேயே ஒரு பாட்டுக் கட்டுங்கள். பட்டினச்சேரிக்காரர் கடல் பேச்சில் கட்டட்டும், நெடுங்காட்டுக்காரர் வயல் பேச்சில் கட்டட்டும். நாகை, மயிலாடுதுறைத் தோழர்களையும் கூப்பிடுங்கள். எல்லைக்கோடு கலால் துறைக்குத்தான், நமக்கில்லை. டிசம்பர் 25 காலையில் வெண்மணியில் வீரவணக்கம் செலுத்திவிட்டு, சாயங்காலம் வாஞ்சூருக்கு வந்து சேருங்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது, பொன்னாடையும் கிடையாது. வைக்கோல் மட்டும் கொண்டுவாருங்கள்.