விடுபட்ட மூன்றெழுத்து

1967 நவம்பர் 22. நியூயார்க்கில் கூடிய ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 15 உறுப்பினர்களும் ஒருமனதாக ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். அதன் எண் 242. அந்த ஆண்டு ஜூனில் ஆறே நாளில் முடிந்த போரில் இஸ்ரேல் பிடித்த இடங்களிலிருந்து அதன் படைகள் வெளியேற வேண்டும் என்பது தீர்மானத்தின் முக்கிய வாசகங்களில் ஒன்று. ஆங்கில மூலத்தில் 'டெரிட்டரீஸ்' என்ற சொல் இருக்கிறது. அதற்கு முன்னால் 'தி' இல்லை.

ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அது இல்லாததைப் பற்றி ராஜதந்திரிகளும் சர்வதேச சட்ட நிபுணர்களும் அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதித் தள்ளிவிட்டார்கள். 'தி' இருந்திருந்தால், பிடித்த இடங்கள் அத்தனையும் என்று பொருள்: சினாய், காஸா, மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், கோலான் குன்றுகள். இல்லாததால், சிலவற்றிலிருந்து விலகினாலும் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டதாகிவிடும் என்பது இஸ்ரேலின் வாதம். தீர்மானத்தை வரைந்த பிரிட்டிஷ் தூதர் கேரடன் பிரபுவும் 'தி' கைதவறி விடுபட்டதல்ல, தெரிந்தேதான் விட்டோம் என்று பின்னாளில் சொன்னார். பழைய எல்லைக்கோடு திருப்திகரமானதல்ல என்பது அவர் கருத்து.

ஆனால் அதே தீர்மானத்துக்குப் பிரெஞ்சு வாசகமும் உண்டு. அதற்கும் அதே மதிப்புதான். பிரெஞ்சில் அந்த இடத்தில் 'தே' என்ற சொல் நிற்கிறது. 'இருந்து' என்பதும் 'தி' என்பதும் ஒன்றாக ஒட்டிய சொல் அது. எனவே பிரெஞ்சில் படித்தால் எல்லா இடங்களும் என்ற பொருள்தான் முதலில் தோன்றும். அரபு நாடுகள் பிரெஞ்சு வாசகத்தைக் காட்டின. இஸ்ரேல் ஆங்கிலத்தைக் காட்டியது. ரஷ்ய மொழியில் ஆர்டிகிளே கிடையாது. எனவே அந்த வாசகம் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. அப்போது பாதுகாப்புச் சபையில் இந்தியா உறுப்பினர். மாலி, நைஜீரியா ஆகிய நாடுகளுடன் சேர்ந்து அது கொடுத்திருந்த நகலில் 'ஆல் தி டெரிட்டரீஸ்' என்றே இருந்தது. ஐயத்துக்கே இடமில்லை. ஆனால் அந்த நகல் வாக்கெடுப்புக்கு வரவில்லை. பிரிட்டிஷ் நகலை ஏற்பதற்கு முன் இந்தியப் பிரதிநிதி ஜி. பார்த்தசாரதி, எல்லா இடங்களிலிருந்தும் வெளியேறுவது என்றே இந்தியா இதைப் புரிந்துகொள்கிறது என்று அழுத்திச் சொல்லிப் பதிவு செய்தார். பத்திரிகையாளராக இருந்து தூதரானவர் அவர். சொல் விடுபட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆர்டிகிள் இல்லாத பன்மை என்றாலே 'சில' என்று பொருளா? அப்படியும் இல்லை. 'அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள்' என்ற பலகையை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டிரெஸ்பாசர்ஸ்' என்பதற்கு முன்னால் 'தி' போடுவதில்லை. அதைப் படித்துவிட்டு, சிலரைத்தான் தண்டிப்பார்கள், நாம் தப்பித்துவிடலாம் என்று யாரும் மதில் ஏறிக் குதிப்பதில்லை. வெறும் பன்மை 'சில' என்றும் வரும், 'எல்லாம்' என்றும் வரும். எது என்பதைச் சூழ்நிலை சொல்ல வேண்டும். 242இல் சூழ்நிலையே தகராறு.

தகராறு ஆர்டிகிளோடு நிற்கவில்லை. எங்கிருந்து வெளியேற வேண்டும் என்பதற்கு 'ஃப்ரம்' இருக்கிறது. எதுவரை பின்வாங்க வேண்டும் என்று சொல்லும் 'டு' இல்லை. ஒரு பிரிபொசிஷன் இருந்து அதன் ஜோடி இல்லாமல் போனதால், எல்லைக்கோடு எது என்ற கேள்வி பேச்சுவார்த்தைக்குத் தள்ளப்பட்டது.

மூன்றாவது விஷயம்தான் மிக நுட்பமானது. தீர்மானத்தின் முகப்புரையில் அதே சொல் ஒருமையில் வருகிறது: 'டெரிட்டரி'. போரினால் நிலத்தைக் கைப்பற்றுவது ஏற்கத்தக்கதல்ல என்கிறது முகப்புரை. இங்கும் 'எ' இல்லை, 'தி' இல்லை. ஆனால் இங்கே அதன் பொருள் 'சில' அல்ல. தண்ணீர், மணல் போல எண்ண முடியாத பொருட்பெயராகச் சொல் மாறிவிடுகிறது. ஒரு பிடி மண்ணாக இருந்தாலும் சரி, போரில் பிடித்தால் தவறு என்றாகிறது. பன்மையில் எண்ணத்தக்க துண்டுகள். ஒருமையில் எண்ணிக்கைக்கு அடங்காத மண். ஒரே தாளில், சில வரி இடைவெளியில், ஒரே சொல் இரண்டு கட்சிகளுக்கும் ஆயுதம் கொடுத்திருக்கிறது.

சினாய் 1982இல் எகிப்துக்குத் திரும்பிவிட்டது. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதம் என்று ஆலோசனைக் கருத்து கூறியது. இலக்கண வழக்கு மட்டும் முடிந்தபாடில்லை.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? தமிழுக்கு ஆர்டிகிள் இல்லை. அதற்காக வேறுபாடு காட்டத் தெரியாத மொழி அல்ல. 'மரம் வெட்டினான்' என்றால் ஏதோ மரம். 'மரத்தை வெட்டினான்' என்றால் நமக்குத் தெரிந்த மரம், பேச்சில் ஏற்கெனவே வந்த மரம். ஆங்கிலம் தனிச்சொல் போட்டுச் செய்வதைத் தமிழ் இரண்டாம் வேற்றுமை உருபை வைத்தும் விலக்கியும் செய்துவிடுகிறது. ஆனால் இந்த வசதி மற்ற வேற்றுமைகளில் இல்லை. 'இடங்களிலிருந்து' என்று எழுதினால் எந்த இடங்கள், எல்லாமா சிலவா என்பது தெரியாது. மொழிபெயர்ப்பவர் தெளிவுக்காக 'அந்த இடங்களிலிருந்து' என்று எழுதினால் ஒரு கட்சிக்குத் தீர்ப்பு வழங்கிவிட்டார். 'சில இடங்களிலிருந்து' என்று எழுதினால் இன்னொரு கட்சிக்கு. இந்த ஒரு வாக்கியத்தில், தமிழின் மௌனமே நேர்மையான மொழிபெயர்ப்பு.

எல்லா இடத்திலும் மௌனம் உதவாது. 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பை வகிப்பவர். நடுவில் 'தி' சேர்த்து 'இன் தி சார்ஜ் ஆஃப்' என்றால் பிறர் பொறுப்பில் விடப்பட்டவர். ஒரு சொல்லில் தாதி குழந்தையாகிவிடுவாள்! 'பொசெஷன்' என்ற சொல்லும் அப்படித்தான். 'தி' இல்லாவிட்டால் பொருளை வைத்திருப்பவர் எழுவாய். இருந்தால் அவரிடம் இருக்கும் பொருள் எழுவாய். குற்றப்பத்திரிகையை மொழிபெயர்ப்பவர் இதில் அசந்தால் நீதிமன்றத்தில் வேறு கதை ஓடும். 'கோ டு ப்ரிசன்' என்றால் தண்டனை பெற்றுப் போவது. 'கோ டு தி ப்ரிசன்' என்றால் மனுப் போட்டுப் பார்த்துவிட்டு மாலையில் வீடு திரும்புவதாகவும் இருக்கலாம்.

சிறை என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வரும். 1950இல், அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களுக்குள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மதராஸ் மாநிலச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்துகொண்டு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது 21ஆவது பிரிவு. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'லா' என்று மட்டும் இருக்கிறது. 'எ லா'வும் இல்லை, 'தி லா'வும் இல்லை. எண்ணத்தக்க சொல்லாக எடுத்தால் லா என்பது சட்டசபையோ பாராளுமன்றமோ போடும் ஒரு சட்டம். எண்ண முடியாததாக எடுத்தால் நீதி, நெறி எல்லாம் அதில் அடங்கும். லத்தீனில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு: முன்னது 'லெக்ஸ்', பின்னது 'யூஸ்'. கோபாலனின் வழக்கறிஞர் எம்.கே. நம்பியார், இங்கே இருப்பது பின்னது என்று வாதாடினார். பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. அரசு இயற்றிய சட்டம்தான் என்றார்கள். நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். 1950 மே 19 அன்று கோபாலனின் மனு தள்ளுபடியானது.

28 ஆண்டுகள் கழித்து, 1978 ஜனவரியில், மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் அதே கோர்ட் வேறு வழி பிடித்தது. நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது. 21ஆவது பிரிவில் ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. ஃபசல் அலி தனித்து நின்று சொன்னதன் சாரம் நாட்டின் சட்டமாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் ஆர்டிகிள் பாடம் கோடிட்ட இடத்தை நிரப்புவதோடு முடிந்துவிடுகிறது. சரியான விடைக்கு அரை மார்க். மொழிபெயர்ப்பு மேஜையில் கேள்வி வேறு. நிரப்ப வேண்டிய இடம் எது, வேண்டுமென்றே காலியாக விடப்பட்ட இடம் எது என்று பிரித்தறிய வேண்டும். இரண்டாவதைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுவதே நல்லது.