நாசா சர்டிபிகேட் வாங்கிய சனீஸ்வரன்

மறுபடியும் வந்துடுச்சுங்க. திருநள்ளாறு கோயிலுக்கு மேல போற சாட்டிலைட் எல்லாம் மூணு செகண்டு அப்படியே நின்னுட்டுத்தான் போகுதாம். சனி கிரகத்துலேருந்து வர்ற கண்ணுக்குத் தெரியாத கருநீலக் கதிர் அந்த ஊர்ல விழறதுதான் காரணமாம். நாசா விஞ்ஞானிங்க நேர்ல வந்து பார்த்துட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாங்களாம். எனக்கு இது மொதல்ல ஃபார்வர்டு மெயிலா வந்துச்சு, இப்ப வாட்ஸப்ல வருது. வண்டி மாறுதே ஒழிய சரக்கு மாறவே இல்ல.

சரி, ஒரு தடவையாவது உக்காந்து யோசிச்சுப் பார்ப்போம். 400 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற சாட்டிலைட்டோட வேகம் செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல. (ஏழரைன்னு வந்தது தற்செயல்தான், சத்தியமா.) அந்த உயரத்துலயும் பூமியோட இழுப்பு தரையில இருக்கறதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கு. அப்புறம் ஏன் கீழ விழல? ஓடிக்கிட்டே இருக்கறதாலதான். நின்னா விழும். நின்ன இடத்துலேருந்து மறுபடி அந்த வேகத்துக்குக் கொண்டு போகணும்னா இன்னொரு ராக்கெட்டுதான் வேணும், அதை யாரு மேல கொண்டு போய் வச்சாங்க?

"அது டிவி சாட்டிலைட்டுங்க, எப்பவுமே நின்னுக்கிட்டுதான் இருக்கும்"னு ஒரு அனானி கண்டிப்பா வருவார். அண்ணே, அது நிக்கறது நிலநடுக்கோட்டுக்கு மேல, 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்துல. திருநள்ளாறு அதுக்கு வடக்கே 11 பாகை தள்ளி இருக்கு. இன்னொண்ணு, ஜிபிஎஸ் சாட்டிலைட். செகண்டுக்கு சுமார் 4 கிலோமீட்டர் வேகம். அது மூணு செகண்டு நின்னா கணக்கு 12 கிலோமீட்டர் உதைக்கும். காரைக்கால் ஆட்டோக்காரர் போன்ல மேப்பைத் திறந்தா, வண்டி வங்காள விரிகுடாவுல நிக்கறதாக் காட்டினாலும் ஆச்சரியமில்ல. அவரு பாட்டுக்கு ஒழுங்கா சவாரி ஓட்டிக்கிட்டிருக்காரு.

எல்லாத்தையும் விடுங்க. காசினின்னு ஒரு விண்கலம். 2004-ல சனிக்குப் பக்கத்துல போய்ச் சேர்ந்தது. 2017 செப்டம்பர் 15 அன்னிக்கு சனிக்குள்ளயே பாய்ஞ்சு எரிஞ்சு போற வரைக்கும் 13 வருஷம் அதைச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. வளையத்துக்கும் கிரகத்துக்கும் நடுவுல இருக்கற சந்துல கூட புகுந்து புகுந்து வந்துச்சு. சனி பகவானோட வீட்டு வாசல்லயே நிக்காத கலம், நூறு கோடி கிலோமீட்டருக்கு மேல தள்ளி நம்ம காரைக்கால் பக்கத்துல வந்துதான் நிக்குமா?

எனக்குக் கடுப்பு இந்த இயற்பியல் தப்புல இல்ல. தப்பு தப்பாப் பேசறது நம்ம பிறப்புரிமை. கேள்வி வேற. இந்தச் செய்தி யாருக்குத் தேவைப்படுது?

நளன் கதையை நம்பி, நள தீர்த்தத்துல முங்கி எழுந்து, ஈரத்துணியோட உள்ள போற ஒரு ஆத்தாவுக்கு இது தேவையே இல்ல. நாசான்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். அங்க மூலவர் தர்ப்பாரண்யேஸ்வரர், சிவன். சம்பந்தர் பாடின தலம். மதுரையில நெருப்புல போட்டும் கருகாத பச்சைப் பதிகம் இந்த ஊர்ப் பதிகம்னு சைவர்கள் சொல்லுவாங்க. இவ்வளவு இருக்கற ஊருக்கு அமெரிக்காக்காரன் கையெழுத்து எதுக்கு? அதைக் கேக்கறவன்தான் உண்மையில நம்பாதவன். அவன் மனசுக்குள்ள சாமி பீடத்துல நாசா ஏறி உக்காந்து ரொம்ப நாளாச்சு, சனீஸ்வரன் சர்டிபிகேட் வாங்க க்யூவுல நிக்கறார்.

போன மாசம் அக்கா பையன் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு சார்ட் எழுதிக்கிட்டிருந்தான். எட்டாவது படிக்கிறான். எட்டிப் பார்த்தா இதே மூணு செகண்டு, ஸ்கெட்ச் பேனாவுல, அழகா சாட்டிலைட் படத்தோட. "ஏன்டா, நின்னா கீழ விழாதா?"ன்னேன். "மிஸ்ஸே குடுத்தாங்க மாமா, மாத்தினா மார்க் போயிடும்"னான். அவன் கேள்வி கேக்கத் தெரியாத பய இல்ல. கேட்டா நஷ்டம்னு பதிமூணு வயசுல கத்துக்கிட்டான். நான் எரிச்சல்படறது இதுக்குத்தான்.

அடுத்த டயலாக் தெரியுமே, "நம் முன்னோர்கள் ஒண்ணும் முட்டாள்கள் இல்லை". அதேதான் நானும் சொல்றேன். 1825-ல பாண்டிச்சேரியில ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில சோழியை வச்சுக்கிட்டு, மனப்பாட வாய்ப்பாட்டை மட்டும் நம்பி ஒரு சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கார். ஜான் வாரன்கிற அதிகாரி அதைப் பார்த்து எழுதி வச்சிருக்கார். கிரகணம் பிடிக்கிற நேரத்துல பிழை சுமார் 4 நிமிஷம்தான். விடற நேரத்துல முக்கால் மணிக்கு மேல உதைச்சது, அதையும் சொல்லணும். பேப்பர் கிடையாது, பேனா கிடையாது!

அப்புறம் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. மதராஸ் வானிலாய்வுக்கூடத்துல வேலை பார்த்தவர். 1867-ல ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடிச்சவர். 1874-ல வெள்ளி சூரியனைக் கடந்தப்போ சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி சின்னப் புத்தகம் போட்டவர். வானத்தைப் பார்த்துப் பஞ்சாங்கத்தைத் திருத்தணும்னு மல்லுக்கட்டினவர். இவங்களைப் பத்தி எந்த ஃபார்வர்டாவது வந்திருக்கா? நடந்தது ஒருத்தருக்கும் தெரியாது, நடக்காதது ஊருக்கே தெரியும்.

அந்தத் திருத்தச் சண்டை இன்னும் முடியல. 2023-ல திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாறுல விழா நடந்தது டிசம்பர்லதான். 11 மாச வித்தியாசம். டிசம்பர் 20 அன்னிக்கு நெசமான சனி, கும்ப ராசி எல்லையைத் தாண்டி சுமார் 8 பாகை போயாச்சு. முழு நிலாவை வரிசையா 16 தடவை அடுக்கி வச்ச தூரம். இதுக்காகக் கோயிலை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அது மரபுப்படி நடக்கற விழா, டெலஸ்கோப்பு வச்சு நடத்தறதில்ல, நடத்தறதா அவங்க சொல்லவும் இல்ல. அந்த விதத்துல ஃபார்வர்டு பார்ட்டிகளை விட அர்ச்சகர்கள் நேர்மையானவங்க. ஆனா கருநீலக் கதிர்க்காரங்க எனக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும். உங்க சாட்டிலைட் எந்தப் பஞ்சாங்கப்படி நிக்குது?

நம்ம பகுத்தறிவு நண்பர்களுக்கும் ஒரு குட்டு. அந்த ஃபார்வர்டுக்குக் கீழ மூணு சிரிப்பு பொம்மை போட்டுட்டுப் போறது பகுத்தறிவு இல்ல, சோம்பேறித்தனம். அக்கா பையன் கிட்ட உக்காந்து நியூட்டனைச் சொல்லிக் குடுக்க அரை மணி ஆச்சு. சார்ட்டை அவன் மாத்தல. பின்பக்கம் பென்சில்ல கணக்குப் போட்டு வச்சிருக்கான்.

டிஸ்கி: திட்டறதுக்கு வர்றவங்க தாராளமா வாங்க, பின்னூட்டப் பெட்டி தொறந்தே இருக்கு. வரும்போது நின்ன சாட்டிலைட்டோட பேரு, நின்ன தேதி, யாரு பார்த்தா, இந்த மூணையும் கையோட கொண்டு வந்துடுங்க. மூணு செகண்டு கூட எடுத்துக்கலாம் :-)