மின்னுவதெல்லாம் நூலா?

முயலைத் தொட்டால் துள்ளும். முகிலைத் தொட்டால் மழை கொட்டும். மரத்தைத் தொட்டால் மாம்பழம் விழும். குழந்தைகளுக்கென்று கைப்பேசிச் செயலிகளாக வந்து குவியும் "ஊடாடும் நூல்"களில் பல இத்தகையன. வணிகர் விற்கிறார், பெற்றோர் வாங்குகிறார், குழந்தை படிக்கிறது என்று பூரிக்கிறார்.

படிக்கிறதா? அதுதானே கேள்வி, தோழர்களே!

முயல் ஏன் துள்ளியது? பசியாலா, பயத்தாலா? கேட்டுப் பாருங்கள், குழந்தை விழிக்கும். விரல் பழகியது; விளக்கம் பிறக்கவில்லை. கண் களித்தது, கருத்து வளரவில்லை.

வெறும் ஐயமல்ல இது. ஆய்ந்து கண்ட உண்மை. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர், 43 ஆய்வுகளை ஒருங்கே நிறுத்துப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். அசையும் படமும், இசையும், ஒலியும் குழந்தைக்குத் துணை நின்றன. ஆனால், தொட்டு ஆடும் விளையாட்டுகளும், தொட்டால் துள்ளும் பொம்மைகளும் கவனத்தைச் சிதறடித்தன. வாய்ப்புக் குறைந்த சூழலில் வளரும் குழந்தைகளிடத்தே இவ்விரண்டும் மேலும் தெளிவாகத் தெரிந்தன. நல்ல நூல் அவர்களுக்கே பெருந்துணை. பகட்டு நூல் அவர்களுக்கே பெருங்கேடு!

வீட்டிலே அலமாரி நிறையப் புத்தகம் உடையவன் பிள்ளை, பகட்டு நூலால் இழந்ததை வேறு நூலால் ஈடுசெய்து கொள்வான். தந்தையின் கைப்பேசி ஒன்றே நூலகமாக வாய்த்த ஏழையின் பிள்ளை எதைக் கொண்டு ஈடுசெய்வான்? அப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியன் என்ற முறையில் கேட்கிறேன்.

"அப்படியானால் கைப்பேசியைத் தூக்கி எறி" என்பர் சிலர். அதுவும் அறிவாகாது. ஏடே போதும் என்று இருந்திருந்தால் அச்சு ஏது? கருவியிலே குற்றமில்லை, கருவியை ஆள்வோர் கருத்திலேதான் குற்றம்.

1972-ஆம் ஆண்டிலேயே ஆலன் கே என்னும் அமெரிக்க அறிஞர், குழந்தை கையில் ஏந்தும் கணினிப் புத்தகம் ஒன்றைக் கற்பனை செய்தார். டைனாபுக் என்று அதற்குப் பெயரிட்டார். குழந்தை அதைப் பார்த்து மகிழ்ந்தால் மட்டும் போதாது. அதிலே தானே படைக்கவும் வேண்டும் என்பதே அவர் நோக்கம். அந்த வழியிலே 2014-இல் ஸ்கிராட்ச் ஜூனியர் என்னும் செயலி வந்தது. எழுத்தறியாச் சிறுவரும் படக்கட்டைகளைக் கோத்துத் தம் கதையைத் தாமே நடத்தலாம், விலையும் இல்லை. 2015-இல் பெங்களூரின் பிரதம் புக்ஸ், ஸ்டோரிவீவர் என்னும் தளத்தைத் திறந்தது. எவரும் படிக்கலாம், மொழிபெயர்க்கலாம், புதிதாக ஆக்கலாம் என்ற திறந்த உரிமத்தோடு அங்கே கதைகள் உள்ளன, தமிழிலும் உள்ளன.

திறந்த உரிமம் ஏன் என்பீரேல், கேளுங்கள். ஃபிளாஷ் என்னும் நுட்பத்தை நம்பி உலகெங்கும் குழந்தைகளுக்கான படைப்புகள் குவிந்து கிடந்தன. அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவை நிறுத்தியது. அப்படைப்புகளிற் பல திறவாக் கதவுகளாயின. ஒருவன் கையிலே சாவி இருந்தால், ஊரார் நூலகம் அவன் விருப்பத்திற்கு மூடப்படும்!

ஆகவே, இளைஞர்களே, வாங்குமுன்னும் ஆக்குமுன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். தொடும் தொடல் கதையை நடத்துகிறதா, தடுக்கிறதா? குழந்தை வேடிக்கை பார்க்கிறதா, தானும் ஆக்குகிறதா? நாளை மற்றொருவர் திறந்து திருத்த இடமுண்டா?

கணினி கற்ற இளைஞரும், கதை அறிந்த பாட்டியும், பிள்ளைகளை அறிந்த ஆசிரியரும் ஒன்றுகூடினால் நல்ல நூல் நம் தெருவிலேயே பிறக்கும். பகட்டை விற்போர் விற்கட்டும். பகுத்தறிவை ஊட்டும் நூலை நாம் ஆக்குவோம். குழந்தையின் விரல் திரையைத் தீண்டும்போது, "ஏன்?" என்ற கேள்வி அதன் நெஞ்சைத் தீண்டட்டும்!