ரசகற்பூர வாசனை சுத்தம் இல்லீங்க!

கோலா கங்சார்ல நம்ம கோயிலுக்கு வர்ற அக்கா, அண்ணன், அம்மா, ஐயா எல்லாருக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். வீட்டுல கைக்குழந்தை இருந்தா தயவுசெய்து கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

போன கோத்தோங் ரோயோங் அன்னைக்கு அம்மன் சேலை வைக்கிற அலமாரியைத் திறந்தோம். மூக்கைப் பொத்திக்கிட்டு வெளியே வந்தோம். சேலைகளுக்கு நடுவுல கைப்பிடி கைப்பிடியா ரசகற்பூரம். அதாங்க, உபாட் கெகாட். அந்த அறையிலதான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் உட்கார்ந்து தேவாரம் படிக்கிறாங்க. போட்டது வேற யாரும் இல்ல, நாங்கதான். பூச்சி அரிக்கக் கூடாதுன்னு வருஷக்கணக்கா போட்டோம்.

"பேர்லயே கற்பூரம் இருக்கு, இதுல என்ன கெடுதல்?"னு ஒருத்தர் கேட்டார். பேர் மட்டும்தான் கற்பூரம். பொருள் நாப்தலீன். நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது. அந்த உருண்டை நாளுக்கு நாள் சிறுத்துப் போகுதே, எங்கே போகுதுன்னு நினைச்சீங்க? காத்துல கலந்து நம்ம மூக்குக்குள்ள!

நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகளில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இது அதிகம். குறைபாடு உள்ள பிள்ளை நாப்தலீனைச் சுவாசித்தாலோ, அது தோலில் பட்டாலோ, ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை ஏறும். அது மூளையைத் தாக்கினால் காது கேட்காமல் போகலாம், உயிரே போகலாம். அதனாலதான் இந்தப் பிள்ளைகளுக்கு உபாட் கெகாட் ஆகவே ஆகாதுன்னு டாக்டர்கள் எச்சரிக்கிறாங்க. நாம என்ன செய்யறோம்? பாட்டியோட பழைய சேலையை அலமாரியிலிருந்து எடுத்து, அந்த வாசனையோடவே தொட்டில் கட்டுறோம். பாசத்தோடதான் கட்டுறோம். ஆனா ரத்தத்துக்குப் பாசம் தெரியாதுங்க.

"கடையில விக்கிறாங்களே, கெடுதல்னா அரசாங்கம் விடுமா?" இந்தக் கேள்வியைத் தோட்டத்துல வளர்ந்த நாம கேட்கலாமா? பாராகுவாட் களைக்கொல்லியை நம்ம அம்மாமார்கள் முதுகுல தோம்பு கட்டி அடிச்சாங்க. அதுவும் கடையில வித்ததுதான். 2002ல் தடை என்றார்கள், 2006ல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது. அதுவரைக்கும் அடிச்சவங்க நுரையீரலுக்கு யார் பதில் சொன்னாங்க?

கொசுவர்த்திச் சுருளும் அப்படித்தான். சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003ல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமமாம். புகை பிடிக்கிறவரைக் கோயில் வாசல்லயே தடுக்கிறோம். சுருளை மட்டும் அன்னதான மண்டபத்துல ஜன்னலைச் சாத்திட்டு நாமே கொளுத்துறோம். இது எந்த ஊர் நியாயம்?

உடனே "பழைய முறைதான் நல்லது, நாள் பூரா சாம்பிராணி போடுங்க"ன்னு சொல்லாதீங்க. புகை எதுவா இருந்தாலும் புகைதான். மூடின அறையில ஆஸ்துமா பிள்ளைக்குச் சாம்பிராணியும் சிரமம். ரசகற்பூரம் போகட்டும், பூஜைக் கற்பூரத்தையே குழந்தை வாயில போட்டா வலிப்பு வரும். எட்டாத இடத்துல வைங்க.

நாங்க எடுத்த முடிவு இது. அம்மன் சேலைகளை வெயில்ல காயவெச்சு, காய்ந்த வேப்பிலையும் கிராம்பும் போட்டு வைக்கிறோம். மண்டபத்துல சுருள் கிடையாது. ஜன்னலுக்கு வலை, மேலே காத்தாடி, வாரா வாரம் தேங்கின தண்ணியைக் கொட்டுறது. டிங்கிக் கொசுவுக்கும் அதுதான் முதல் மருந்து. சாம்பிராணி பூஜை நேரத்துல மட்டும், கதவைத் திறந்து வெச்சு.

நீங்களும் இன்னைக்கே அலமாரியைத் திறந்து பாருங்க. உருண்டையோட இருந்த துணி குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். வீட்டுல பேரப்பிள்ளை வரப்போற பாட்டிகளுக்கு இதைக் கண்டிப்பா படிச்சுக் காட்டுங்க. அவங்கதான் தொட்டில் கட்டுறவங்க.

முப்பது கழிச்சு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு கோயிலுக்கு வாங்க. நல்ல காத்தோட காத்திருக்கோம்.

ஓம் சக்தி.