பட்டம் மட்டும் மிஞ்சிய பதவிகள்

ஊத்துக்குளிக்கு அருகே, நொய்யல் கரையில் உள்ள கத்தாங்கண்ணியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. கரூரிலும் கோவை வெள்ளலூரிலும் கிடைத்திருக்கின்றன. படியூர்ப் பச்சைக்கல்லும் கொடுமணல் மணிகளும் கடல் தாண்டிப் போனதற்கு ஈடாக வந்த பணம் என்று இதைத் திருப்பூரின் ஏற்றுமதி மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைப்படலாம். ஆனால், அந்தக் காசுகள் வணிகத்தைத் தவிர இன்னொரு கதையும் சொல்கின்றன.

கொங்கில் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ரோமின் முதல் இரு பேரரசர்களான அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. அகஸ்டஸ் காசுகளில் இந்தியாவில் அதிகம் அகப்படும் வகையில், ஒரு பக்கம் மன்னனின் தலை. மறுபக்கம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு பையன்கள். காயஸ், லூசியஸ் என்ற அந்த இருவரும் அகஸ்டஸின் மகள்வழிப் பேரர்கள். பிறகு அவனே தத்தெடுத்துக்கொண்ட பிள்ளைகள். அவர்களைச் சுற்றி ஓடும் எழுத்துகள், ‘கான்சல் பதவிக்குக் குறிக்கப்பட்டவர்கள்’ என்கின்றன. குடியரசுக் காலத்தின் கடைசியில், ஆட்சித் தலைமைப் பதவியான கான்சல் ஆவதற்கு 42 வயது நிறைந்திருக்க வேண்டும். மக்கள் கூடி வாக்களிக்கவும் வேண்டும். காயஸுக்கு அந்தப் பதவி குறிக்கப்பட்டபோது அவன் பதினைந்து வயதைத் தாண்டவில்லை.

குடியரசு ரோம் எதற்கு அஞ்சியது என்பது அதன் பதவிகளைப் பார்த்தாலே தெரியும். ஒரே ஆள் நெடுங்காலம் ஆள்வதற்குத்தான் அது அஞ்சியது. அதனால் கான்சல்கள் இருவர், பதவி ஓராண்டு. ஒருவர் போடும் உத்தரவை மற்றவர் தடுக்கலாம். வழக்குக்குப் பிரீட்டர், கருவூலத்துக்குக் குவெஸ்டர், தெரு, சந்தை, கட்டடங்களுக்கு ஈடைல். இவர்களுக்கு மேல் அனுபவஸ்தர்களின் செனட். சாமானியர்கள் கி.மு. 494-இல் ஊரைவிட்டே வெளியேறிப் போராடிப் பெற்ற டிரிபியூனுக்கோ, எந்த அதிகாரியையும் ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை இருந்தது. இது சமத்துவ ஆட்சி அல்ல. பணக்காரர்களின் வாக்குக்கே எடை அதிகம். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கே இல்லை. ஆனால், தெருவில் பள்ளம் விழுந்தால் யாரைக் கேட்பது என்பது ஊருக்குத் தெரியும். தென்இத்தாலியின் ஹெராக்ளியாவில் கிடைத்த வெண்கலப் பட்டயத்தில் ஒரு விதி இருக்கிறது. ஈடைல்கள் தேர்வான ஐந்து நாட்களுக்குள், நகரின் எந்தப் பகுதித் தெருக்கள் யார் பொறுப்பு என்று பேசியோ, சீட்டுக் குலுக்கியோ பிரித்துக்கொள்ள வேண்டும்!

அகஸ்டஸ் இந்தப் பதவிகளில் ஒன்றையும் ஒழிக்கவில்லை. அங்குதான் அவனுடைய சாமர்த்தியம். செனட் கூடியது, கான்சல்கள் பதவியேற்றார்கள். கி.மு. 23-இல் டிரிபியூன் பதவியில் அமராமலேயே டிரிபியூனின் அதிகாரத்தை மட்டும் அவன் எடுத்துக்கொண்டான். கி.பி. 14-இல் டைபீரியஸ் பட்டத்துக்கு வந்ததும், அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பது மக்கள் மன்றத்திலிருந்து செனட்டுக்குப் போயிற்று. மக்கள் முணுமுணுத்ததோடு சரி என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் நினைவு திருப்பூருக்கே திரும்புகிறது. 2008-இல் மாநகராட்சியான ஊர் இது. 60 வார்டுகள், மேயர், மாமன்றம் எல்லாம் உண்டு. 2011-இல் மக்கள் நேரடியாக வாக்களித்து மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-இல் அந்த உரிமை கவுன்சிலர்களுக்குப் போயிருந்தது. இடைப்பட்ட காலம் இன்னும் மோசம். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல், இடஒதுக்கீட்டுச் சிக்கலில் உயர் நீதிமன்றத்தால் ரத்தாயிற்று. பிறகு 2022 பிப்ரவரி வரை, ஐந்தாண்டுக்கும் மேல், தனி அலுவலரின் கையில் நகரம் இருந்தது. இத்தனைக்கும், பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு.

இந்த நகரத்தின் தலையெழுத்தை மாற்றிய முடிவுகள் எங்கே எடுக்கப்பட்டன? 2005-இல் வந்த மூன்றாவது குடிநீர்த் திட்டத்தில், நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் வேலை ஒரு தனி நிறுவனத்திடம் போயிற்று. அந்த நிறுவனத்திடம் தண்ணீரை விலைக்கு வாங்கும் இடத்தில் அன்றைய நகராட்சி நின்றது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவில் நாசமான பிறகு, ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். 2022-இல் சொத்து வரி உயர்ந்தது சென்னையில் எடுத்த முடிவால். மாமன்றத்தில் கவுன்சிலர்கள் எவ்வளவு சத்தம் போட்டாலும் கையெழுத்து ஆணையருடையது. அவரை நியமிப்பது மாநில அரசு. 74-வது திருத்தத்தின் 12-வது அட்டவணை குடிநீர், குப்பை, சாலை உட்பட 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றை நகராட்சிக்குத் தருவதும் தராததும் மாநிலத்தின் விருப்பம்.

இதற்கு விலை கொடுப்பவர்கள் பனியன் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கும் மக்கள்தான். மாநகராட்சிக் குப்பையைப் பாறைக்குழிகளில் கொட்டியபோது, அதன் பக்கத்தில் குடியிருக்கும் ஊர்க்காரர்கள் லாரிகளை மறித்தார்கள். கவுன்சிலரைக் கேட்டால் ஆணையர் என்பார். ஆணையரைக் கேட்டால் அரசு என்பார். ரோமில் மன்னராட்சி வந்த பிறகும் தண்ணீருக்குப் பொறுப்பாளர் என்று ஒரு பெயர் இருந்தது. கி.பி. 97-இல் பேரரசர் நெர்வா அந்தப் பொறுப்பில் நியமித்த ஃபிரான்டினஸ், ஒவ்வொரு கால்வாயின் அளவையும், திருட்டுக் குழாய்களையும் கணக்கெடுத்து எழுதிவைத்தார். திருப்பூரில் ஒரு வார்டுக்கு இந்த வாரம் எத்தனை லிட்டர் வந்தது என்பதைக் கவுன்சிலரே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

இந்த மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் வார்டு மறுவரையறையும் இடஒதுக்கீட்டுப் பட்டியலும் தயாராகிவிட வேண்டும். மேயரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை திரும்ப வர வேண்டும். குடிநீரும் குப்பையும் ஆணையரின் கோப்பிலிருந்து மாமன்றத்தின் பொறுப்புக்கு வர வேண்டும். ஒவ்வொரு வார்டிலும் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை கூடும் நாள், அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.