பட்டு போதுமா? பங்கு வேண்டாமா?

தோழர்களே! ஆரணியின் நெசவாளர் தெருவுக்குள் போய்ப் பாருங்கள். குழித்தறியில் அமர்ந்து நெய்பவன் அண்ணன். பக்கத்தில் ராட்டையில் தார் சுற்றுபவள் தங்கை. சேலையில் அவள் உழைப்பும் இருக்கிறது. ஆனால், வீடு யாருக்கு என்றால், "அவள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்" என்கிறோம்!

2008-ல் 'காஞ்சிவரம்' படம் வந்தது. பிரகாஷ்ராஜ் நடித்த நெசவாளி, மகளின் திருமணத்துக்குப் பட்டுச்சேலை தர ஆசைப்பட்டு, பட்டிழையைத் திருடிச் சிறை புகுகிறான். பார்த்தோம், அழுதோம். நெய்கிறவன் மகளுக்குப் பட்டில்லை என்பது கொடுமைதான். ஆனால், மகளுக்குத் தருவது ஒரு சேலையோடு முடிந்துவிடுமா?

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை வாரிசாக ஏற்றது. ஆயினும் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கக் கேட்கும் உரிமையை மறுத்தது. ஆண் வாரிசுகள் மனம் வைத்தால்தான் பங்கு! வீட்டிலேயே தறி போட்டிருக்கும் நெசவாளிக்கு வேறு சொத்து ஏது?

1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம், அன்று மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தது. 2005-ல் மத்தியச் சட்டமும் திருந்தியது. மணமான மகளும் பங்குக்கு உரியவளானாள், வீட்டுத் தடையும் ஒழிந்தது. அவ்வுரிமை பிறப்பால் வருவது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

சட்டம் வந்தது. அதைத் தாண்ட ஒரு தாளும் இருக்கிறது! அதன் பெயர் விடுதலைப் பத்திரம். "பட்டெடுத்தோம், சீர் செய்தோம், ஒரு கையெழுத்துப் போடம்மா" என்கிறான் அண்ணன். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்று அஞ்சிக் கையெழுத்திடுகிறாள் தங்கை. விடுதலை யாருக்கு?

"வீடு சிறியது, பிரித்தால் தறிக்கு இடமேது?" என்பீர்கள். நியாயமான கவலையே. சுவரை இடிக்கச் சொல்லவில்லை. பத்திரத்தில் அவள் பெயர் இருக்கட்டும். பங்கின் விலையைத் தவணையில் கொடுங்கள். நாளை கணவனை இழந்து திரும்பினால், விருந்தாளியாக அல்ல, உரிமைக்காரியாக அவள் வாசற்படி ஏறட்டும்.

கூலி உயர்வு கேட்கும்போது, "பிச்சை கேட்கவில்லை, உழைப்பின் பங்கைக் கேட்கிறோம்" என்று முழங்குகிறோமே! தார் சுற்றிய தங்கை கேட்பதும் அதுதான். மேடையில் ஒரு நியாயம், வீட்டில் ஒரு நியாயமா? அவள் முன்னே நீட்டிய தாளை மடித்து வையுங்கள், தோழர்களே!