மிருக வைத்தியராகும் வாய்ப்பை அளந்து பாருங்கள்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. உயர்தரத்தில் துறை தெரிவு செய்யும் மாணவருக்கு இது மிகவும் பொருந்தும். மிருக வைத்தியராக விரும்பும் பிள்ளைக்கு வீட்டில் இரண்டு விதமான பேச்சுக் கேட்கும். "மருத்துவம் கிடைக்காதவர்கள் போகிற இடந்தானே, உனக்குச் சுலபமாகக் கிடைக்கும்" என்பார் ஒருவர். "நாடு முழுவதற்கும் ஒரே பீடம், உனக்கெங்கே கிடைக்கப் போகிறது" என்பார் மற்றவர். இருவரும் அளந்து பார்க்கவில்லை என்பதே எனது கருத்து.

முதலில் இடங்களைப் பார்ப்போம். இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே மிருக வைத்தியப் பட்டம் வழங்கும் பீடம் உண்டு. ஆகவே போட்டி கடுமையானது. ஆனால் எல்லா இடங்களும் ஒரே வரிசையில் நிரப்பப்படுவதில்லை. 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. எனவே கொழும்பு மாணவரின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து முல்லைத்தீவு மாணவர் மனம் தளரத் தேவையில்லை. உங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியையே பாருங்கள். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே ஓராண்டை மட்டும் நம்பாமல் நான்கைந்து ஆண்டுகளின் புள்ளிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து உங்கள் புள்ளி. 2001ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை முதல் அனுமதிக்கு இசட் புள்ளியே அடிப்படை. நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் அது கிடைக்கும். உதாரணமாக, இடை 50, நியம விலகல் 10 உள்ள பாடத்தில் 70 பெற்றவரின் இசட் புள்ளி 2.0. இடை 60, நியம விலகல் 15 உள்ள பாடத்தில் 75 பெற்றவருக்கு 1.0 மட்டுமே. ஆகவே "எனக்கு 75" என்பது தனியே எதையும் சொல்லாது.

மூன்று பாடங்களின் சராசரியே இறுதிப் புள்ளி. உயிரியலில் 2.0, இரசாயனவியலில் 1.8 பெற்றவர் பௌதிகவியலில் 0.7 பெற்றால் சராசரி 1.5 ஆகிவிடும். விலங்குகளில் விருப்பமுள்ள பலர் உயிரியலை மட்டும் விரும்பிப் படிக்கின்றனர். வாய்ப்பைக் கெடுப்பது பெரும்பாலும் விரும்பாத பாடமே. ஆகவே சாதாரண தரத்திலேயே விஞ்ஞானத்தின் பௌதிகவியற் பகுதியையும் கணிதத்தையும் தள்ளி வைக்காதீர்கள். பீடத்தில் கற்பித்தல் ஆங்கிலத்தில் நடைபெறுவதால் ஆங்கிலத்தையும் இப்போதே கவனியுங்கள்.

வாய்ப்புக் குறைவு என்று தெரிந்தால் கனவைக் கைவிட வேண்டுமா? வேண்டாம். ஆனால் அருகில் இன்னொரு பாதையையும் வைத்திருங்கள். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானப் பட்டநெறி உண்டு. யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களின் விவசாய பீடங்களிலும் விலங்கு விஞ்ஞானம் கற்கலாம். இவற்றைப் படித்தவர் மிருக வைத்தியராகப் பதிவுபெற முடியாது. எனினும் பண்ணை, பால் உற்பத்தி, கால்நடைத் தீவனம் ஆகிய துறைகளில் பணியாற்றலாம்.

மருத்துவம் தவறினால் மட்டும் மிருக வைத்தியம் என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் மாட்டை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். கால்வாய் நோய் ஒரு பட்டியில் புகுந்தால் அக்குடும்பத்தின் வருமானமே நின்றுவிடும். விசர்நாய்க்கடி நோயைத் தடுக்க நாய்களுக்கு ஊசி போடுவது மனித உயிரையும் காக்கும் வேலை. இப்பணியை உண்மையாக விரும்புபவர் விண்ணப்பத்தில் அதனை முதல் விருப்பமாகவே எழுதட்டும்.

வாய்ப்பு என்பது அதிர்ஷ்டமன்று. இடங்கள், மாவட்டம், மூன்று பாடங்கள் ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு கணிக்கக்கூடிய ஒன்று. உறவினர் சொல்வதைக் கேளுங்கள். முடிவைக் கணக்குப் பார்த்து எடுங்கள்.